அஃறிணை ஓவியர் ஷார்டேன்

தமிழ் இலக்கணம் உலகத்துப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்துக் கூறும். மக்களைச் சுட்டுவது உயர்திணை. ஏனையவற்றைச் சுட்டுவது அஃறிணை. இது சொல்லைப் பற்றி எழுந்த பாகுபாடு. அஃறிணையைப் பாடும் புலவன் தாழ்ந்தவன் என்றோ, உயர்திணையைப் பாடும் புலவன் உயர்ந்தவன் என்றோ நம் இலக்கண ஆசிரியர் எவரும் விதி செய்திலர்.

பிரான்சு தேசத்தில் ஓவியக் கலைக்கு இலக்கணம் வகுத்தோர் அப்படியும் ஒரு விதியைச் செய்துவிட்டனர். 1648 ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரிலே அரச ஓவியக் கழகம் நிறுவப்பட்டது. அக்கழகத்தின் கருத்துக்களைத் தொகுத்து எழுதிய பெலிபியன் என்பார் 1667 இல் ஓவியர்களைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். பழம், பூ, கிளிஞ்சல் ஆகியவற்றைத் தீட்டுபவன் அடிப்படியில் நிற்பான். இயற்கைக் காட்சியைத் தீட்டுபவன் அவனுக்கு மேற்பட்டவன். உயிருள்ள விலங்குகளைத் தீட்டுபவன் உயிரும் அசைவும் அற்றவற்றைத் தீட்டுபவனிலும் சிறந்தவன். மனித உருவத்தைத் தீட்டுபவன் இவர்கள் எல்லாரினும் உயர்ந்தவன். விவிலியக் கதைகளையும் பண்டைச் சரித்திரங்களையும் புராணங்களையும் பலர் கூடிய பெருங்காட்சிகளாக அமைத்துக் காட்டுபவனே உச்சிப்படியில் வீற்றிருக்கத் தக்கவன்.

இந்தப் படிவரிசை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கழகத்தின் ஆசிரியப் பதவிகளும் அவற்றுக்கு மேற்பட்ட தலைமைப் பதவிகளும் சரித்திர ஓவியருக்கே உரியவையாயின. மதிப்பும் மானியமும் அவ்வாறே பங்கிடப்பட்டன. ஒருவன் எதனை வரைகின்றான் என்பதைக் கொண்டே அவன் எத்தகையவன் என்பது தீர்மானிக்கப்பட்டது. எப்படி வரைகின்றான் என்பது பின்னர்தான் நோக்கப்பட்டது.

அந்த அடிப்படியிலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று, ஒரு தண்ணீர்க் குவளையிலும் மூன்று வெள்ளைப்பூண்டிலும் கலையின் முழு மாண்பையும் காட்டிச் சென்றவர் ழான் சிமெயோன் ஷார்டேன். தாம் உலகுக்குக் காட்டிய அவ்வுண்மையைத் தம் வீட்டினுள் அவர் கைக்கொண்டாரா என்பது வேறொரு வினா. அதற்கு விடை காணும்போது அவர் வாழ்க்கையின் துயரமும் தெரியவரும்.

தச்சரின் மைந்தன்

ஷார்டேன் 1699 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2 ஆம் நாள் பாரிஸிற் பிறந்தார். தந்தையார் ஒரு தச்சர். பில்லியட் என்னும் ஆட்டத்துக்குரிய மேசைகளைச் செய்வதில் வல்லவர். அரச மாளிகைக்கும் மேசை செய்து கொடுத்தவர். பிள்ளைகள் பலர் இருந்தமையால், ஒவ்வொருவனுக்கும் வயிறு வளர்க்க ஒரு தொழில் அமைந்தாற் போதும் என்பதே அவர் எண்ணமாயிருந்தது. இலத்தீன் முதலிய உயர்கல்வி மகனுக்குக் கிட்டவில்லை. அக்குறையை ஷார்டேன் வாழ்நாள் முழுவதும் நினைத்து வருந்தினார் என்று அவருடைய நண்பரும் முதல் வரலாற்றாசிரியருமாகிய கொஷான் எழுதியுள்ளார். இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்குப் பெரியதொரு விளைவு உண்டு.

மகனுடைய நாட்டம் தூரிகையிற் சென்றது. தந்தையார் அவரைக் காஸ் என்னும் சரித்திர ஓவியரிடம் சேர்த்தார். அங்கே மாணாக்கர் ஆசிரியருடைய படங்களைப் பார்த்துப் பார்த்து வரைவதே பயிற்சி. உயிருள்ள உருவத்தை முன்னிருத்தி வரையும் வாய்ப்பு மிக அருமை. மேசை உயரத்திலிருந்து ஒரு கனியையேனும் கண்ணாற் கண்டு வரையும் பழக்கம் அங்கே இல்லை. படத்தைப் பார்த்துப் படம் வரைந்து வளர்ந்த கைக்கு உலகத்தைப் பார்க்கத் தெரியாதிருந்தது.

பின்னர் நொயேல் நிக்கொலா குவாப்பேல் என்ற ஓவியர், வேட்டைக் கோலத்தில் இருக்கும் ஒருவரின் உருவப்படத்தில் துப்பாக்கியை மட்டும் வரைந்து தரும்படி இவரை அழைத்தார். அற்ப வேலை என்று எண்ணிப் போனார் இளைஞர். குவாப்பேலோ அத்துப்பாக்கியை எந்த ஒளியில் எந்த இடத்தில் வைத்தால் நன்று என்று நெடுநேரம் ஆராய்ந்து நிறுத்தினார். ஒரு பொருள் தன்மீது விழும் ஒளியோடும் தன்னைச் சூழ்ந்த காற்றோடும் சேர்ந்தே கண்ணுக்குப் புலனாகின்றது என்ற பாடத்தை ஷார்டேன் அன்று கற்றார். காஸ் என்பவரின் கூடத்திற் பல ஆண்டு கற்றதினும் அந்த ஒருநாட் பாடம் பெரிது.

முயலும் மரபும்

ஒரு நாள் அவருக்கு இறந்த முயல் ஒன்று கிடைத்தது. அதனை வரைய விரும்பினார். வேட்டைப் பொருள்களையும் உணவுப் பொருள்களையும் வரைவதிலே அப்போது பெரும் புகழ் பெற்றிருந்தவர் டச்சு நாட்டவரும் பிளெமிஷ் நாட்டவருமாவர். முந்திய நூற்றாண்டிலே பீற்றர் கிளாஸ், ஹேடா, கால்ப் முதலியோர் இத்துறையை வளர்த்திருந்தனர். வெள்ளிக் கிண்ணத்தின் பளபளப்பு, பாதி தோலுரித்த எலுமிச்சம்பழம், சீனத்துப் பீங்கான், மண்டையோடு, அணையும் மெழுகுதிரி எனப் பொருள்களைக் குவித்து, செல்வத்தின் கவர்ச்சியையும் அதன் நிலையாமையையும் ஒருசேர உணர்த்துவது அம்மரபு. முயலை வரைவதானால் மயிர் மயிராக எண்ணி வரைவது அவர்கள் வழக்கு.

இத்துறையின் வேர் இன்னும் பழையது. கிரேக்க ஓவியன் சூக்சிஸ் வரைந்த திராட்சைக் குலையைப் பறவைகள் வந்து கொத்தின என்ற கதையைப் பிளினி என்னும் உரோமர் எழுதிவைத்துள்ளார். பார்ப்பவரை மயக்கி, படத்தைப் பொருள் என்று நம்பச் செய்வதே இவ்வகை ஓவியத்தின் வெற்றி என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டது. பெலிபியன் அதனை அடிப்படியில் வைத்ததற்கும் இதுவே காரணமாகலாம். கண்ணை மயக்குதல் கைத்திறன். கருத்தை உயர்த்துதல் அன்று என்பது அவருடைய கொள்கை.

ஷார்டேன் அந்த முயலின் முன்னே இருந்து வேறொரு முடிவு செய்தார். தாம் முன்னர்க் கண்ட முயற் படங்களையெல்லாம் மறந்துவிடல் வேண்டும்; பிறர் எவ்வாறு வரைந்தனர் என்பதையும் மறந்துவிடல் வேண்டும். மயிர்கள் தனித்தனியே தெரியாத தூரத்தில் முயலை வைத்துப் பார்த்தார். அதன் திரட்சி, மென்மை, ஒளியும் நிழலும் ஒன்றோடொன்று கலக்கும் இடம், இவற்றை உள்ளவாறே கொண்டுவர முயன்றார். மரபை அறியாமையால் அவர் இதனைச் செய்தாரல்லர். படத்தைப் பார்த்துப் படம் வரையும் கல்வியில் ஊறியிருந்தவர், அக்கல்வியை மறத்தற்கு இன்னொரு கல்வியைத் தமக்குத் தாமே தொடங்கினார்.

அக்கல்வி மெதுவானது. முதற்கோட்டிலிருந்து கடைசித் தீற்று வரையும் பொருள் கண்முன் இருந்தாலன்றி அவர் தூரிகை நகராது. முன்கூட்டிக் கரிக்கோலால் வரைந்து பார்க்கும் வழக்கமும் அவரிடம் அரிது. ஒருவகை வண்ணத்தின்மேல் ஒருவகை வண்ணமாகத் தடித்த படைகளை இட்டு இட்டுப் பொருளை மெல்ல மெல்ல வெளிக்கொணர்வார். இதனைக் குறைபாடு என்று கருதியோரும் உளர். மாரியெத் என்னும் கலை அறிஞர், ஷார்டேனுக்கு விரைந்து வரையும் ஆற்றல் இல்லை என்றும் அவர் படங்களிற் களைப்புத் தெரிகின்றது என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

திருக்கை மீன்

1728 ஆம் ஆண்டு. பாரிஸிலே டொபின் சதுக்கத்தில் ஆண்டுதோறும் நற்கருணைத் திருநாளன்று இளம் ஓவியர் தம் படங்களைத் திறந்த வெளியில் மாட்டிவைப்பது வழக்கம். அவ்வாண்டு ஷார்டேன் வைத்த படங்களுள் ஒன்று திருக்கை மீன். வயிறு கிழிக்கப்பட்ட பெரிய திருக்கையொன்று கொளுக்கியிலே தொங்குகின்றது. அதன் முகம் மனித முகத்தைப்போல ஏதோ ஒரு வேதனைப் புன்னகையுடன் நம்மை நோக்குகின்றது. கீழே திறந்த சிப்பிகளின்மேற் கால் வைத்து முதுகை வளைத்துச் சிலிர்த்து நிற்கின்றது ஒரு பூனைக்குட்டி. மறுபக்கத்தில் குடம், சட்டி, கத்தி, மடிப்புக் குலைந்த துணி.

மீன் சந்தைக்குப் போய்வருவோர் எவரும் திருக்கை அறுக்கப்படுவதைக் கண்டிருப்பர். கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பர். ஷார்டேன் முகத்தைத் திருப்பவில்லை. செம்மையும் நீலமும் முத்துவெண்மையும் விரவிய அந்த ஈரத் தசையை அவர் அருவருப்புமின்றி ஆரவாரமுமின்றிப் பார்த்தார். பிற்காலத்தில் டிடெரோ என்னும் பேரறிஞர் இப்படத்தை எடுத்துக்காட்டி, அருவருக்கத்தக்க பொருளை அழகினால் மீட்கும் வழியை ஓவியர்கள் இங்கே கற்கலாம் என்று எழுதினார்.

நண்பர்கள் ஷார்டேனைக் கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தூண்டினர். அவர் தம் படங்களைக் கழகத்தின் முன்னறையில் தற்செயலாக வைத்ததுபோல வைத்துவிட்டு அடுத்த அறையிற் காத்திருந்தார். முதுபெரும் ஓவியரான லார்ஜிலியேர் வந்தார், பார்த்தார், பிளெமிஷ் நாட்டு ஆசிரியர் ஒருவரின் படைப்பென்று நம்பிப் பாராட்டினார். அவை யாருடையவை என்று பின்னர் அறிந்தபோது அவருடைய பாராட்டு இருமடங்காயிற்று. செப்டெம்பர் 25 ஆம் நாள், ஒரே அமர்வில், விண்ணப்பமும் ஏற்கப்பட்டு உறுப்புரிமையும் வழங்கப்பட்டது. இது மிக அரிதான சிறப்பு. ஆயினும் ஏட்டிலே அவர் விலங்கும் பழமும் வரைவதில் வல்லவர் என்றே பதியப்பட்டார். கதவு திறந்தது, படி மாறவில்லை.

மனிதரை நோக்கி

1731 இல் அவர் மார்கரித் சென்தார் என்னும் பெண்ணை மணந்தார். அவ்வாண்டின் இறுதியில் ழான் பியேர் என்னும் மகன் பிறந்தான். பின்னர் ஒரு மகளும் பிறந்தாள். 1735 இல் மனைவி இறந்தார். சில காலத்துள் மகளும் இறந்தாள். முப்பத்தாறு வயதுத் தந்தையும் நான்கு வயது மகனும் எஞ்சினர்.

இக்காலத்தே அவர் தூரிகை மனிதரை நோக்கித் திரும்பியிருந்தது. அதற்கு ஒரு கதை சொல்வர். அவர் நண்பர் அவேட் என்னும் உருவப்பட ஓவியர், 400 லீவர் பணத்துக்கு ஓர் உருவப்படம் வரைய மறுத்தார். அத்தொகையை விடலாமா என்று ஷார்டேன் கேட்டார். முகத்தை வரைவது இறைச்சிப் பண்டத்தை வரைவதுபோல் எளிதன்று என்று நண்பர் குத்தலாகச் சொன்னார். அச்சொல் தைத்தது. கழகத்தின் படிவரிசை நட்பின் நடுவேயும் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கதையே சான்று.

ஆனால் ஷார்டேன் வரைந்த மனிதர் அரசரும் வீரரும் அல்லர். சந்தையிலிருந்து அப்பம் சுமந்து வந்து களைத்துச் சாய்ந்து நிற்கும் பணிப்பெண், துணி வெளுப்பவள், செப்பு நீர்க்கலத்திலிருந்து தண்ணீர் பிடிப்பவள், சீட்டுக்கட்டினால் வீடு கட்டும் சிறுவன், சவர்க்காரக் குமிழி ஊதும் இளைஞன் ஆகியோரே அவருடைய தலைவரும் தலைவியரும். 1740 இல் வரைந்த உணவு வழிபாடு என்னும் படத்தில், தாய் சூப்பைப் பரிமாறுகையில், கடைக்குட்டி கை கூப்பிச் செபத்தின் சொற்களை நினைவுகூர முயல்கின்றது. அப்படம் அவ்வாண்டிலேயே பதினைந்தாம் லூயி மன்னனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இவ்வகைப் படங்களின் அச்சுப்பிரதிகள் எளியோர் வீட்டுச் சுவர்களையும் அடைந்தன.

உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். இம்மனிதரையும் அவர் பாத்திரங்களைப் பார்த்தவாறே பார்த்தார். அவர்கள் எவரும் நம்மை நோக்கி நடிப்பதில்லை. தத்தம் செயலிலே ஆழ்ந்து, அந்தச் செயல் முடியுமட்டும் அசையாது நிற்கின்றனர். குடத்துக்கு இருந்த அமைதி பணிப்பெண்ணுக்கும் வந்தது. பணிப்பெண்ணுக்கிருந்த பெருமை குடத்துக்கும் வந்தது. இரு திணைகளுக்கும் இடையே வேலி எங்கேயிருந்தது என்று கண்டுபிடித்தல் அங்கே அரிது.

1744 இல் பிரான்சுவாஸ் மார்கரித் பூஜே என்னும் கைம்பெண்ணை மறுமணம் செய்தார். அம்மையார் பொருள் வசதியும் குடும்பத் திறமையும் உடையவர். 1755 இல் ஷார்டேன் கழகத்தின் பொருளாளரானார். அத்துடன் சலோன் என்னும் பொதுக் கண்காட்சியிலே பிறருடைய படங்களைச் சுவரில் ஒழுங்குபடுத்தி மாட்டும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. 1752 இல் மன்னன் ஆண்டுக்கு 500 லீவர் மானியம் அளித்தான். 1757 இல் லூவர் மாளிகையில் வாழ இல்லமும் கொடுத்தான். இவ்வளவு நம்பிக்கைக்கு உரியவராயிருந்தும், ஆசிரியராக அமர்ந்து கற்பிக்கும் பதவி அவருக்கு இல்லை. அது சரித்திர ஓவியருக்குரியது.

மகன்

ழான் பியேர் வளர்ந்தான். தமக்குக் கிட்டாத இலத்தீனையும் பண்டை இலக்கியத்தையும் தந்தை மகனுக்குக் கொடுத்தார். மகன் சரித்திர ஓவியனாதல் வேண்டும் என்பது தந்தையின் ஆசை. எந்தப் படி தம்மைக் கீழே நிறுத்தியதோ அந்தப் படியின் உச்சியிலே மகனை நிறுத்த விரும்பினார். 1754 இல் மகன் கழகத்தின் முதற்பரிசை வென்றான். அரச செலவில் மூன்றாண்டு பயின்று, 1757 இல் உரோமாபுரிக்குப் புறப்பட்டான். தச்சர் வீட்டுப் பேரன் உரோமாபுரிக்குப் போனான் என்றால் அக்குடும்பத்தின் மகிழ்ச்சிக்கு எல்லை உண்டோ?

உரோமாபுரியிற் பயிர் விளையவில்லை. எதிர்பார்த்த பெரும்படங்கள் வரவில்லை. இளைஞனின் கை சோர்ந்தது.

1765 ஆம் ஆண்டுச் சலோனில், விமரிசனம் எழுத வந்த டிடெரோவிடமும் அவர் நண்பர்களிடமும் ஷார்டேன் சற்றே மனந்திறந்து பேசினார். குறை கூறுவதிற் சிறிது இரங்கிக் கூறுக என்பது அவர் வேண்டுகோள். ஏழெட்டு வயதிலே பிள்ளையின் கையிற் கரிக்கோல் கொடுக்கப்படுகின்றது. கண், மூக்கு, வாய் என்று அச்சுப் படிகளைப் பார்த்து ஆண்டுக்கணக்காக வரைகின்றான். பின்னர்ச் சிலைகளின் முன் குனிந்திருக்கின்றான். பின்னர் உயிருள்ள உருவத்தின் முன் இருத்தப்பட்டு, இதுவரை கற்றதெல்லாம் போதாது என்று உணர்கின்றான். இருபது வயதளவில் ஆற்றலில்லை என்று தெரியவந்தால் அவனுக்கு வேறு தொழிலும் இல்லை; மீளவும் வழியில்லை. கண்காட்சியில் மிகத் தாழ்ந்த படம் என்று நாம் நகைத்துவிட்டுச் செல்லும் படத்தின் பின்னேயும் இத்தனை ஆண்டுக் கண்ணீர் உண்டு. இவ்வாறெல்லாம் அவர் சொன்னதாக டிடெரோ எழுதிவைத்தார். கலையின் கடுமையைக் காலத்துக்கு முன்னரே கண்டு கைசோர்ந்து போனவர்களைப் பற்றிப் பேசவந்தவிடத்து, அவர் பிறர் எவரையும் சுட்டவில்லை. தம் மகனையே சுட்டினார்.

பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் இந்தப் பகுதியை வேகமாகப் படித்துக் கடந்துவிட முடியாது. மகனுக்குத் துப்பாக்கியையும் முயலையும் காட்டிக் கற்பிக்க அத்தந்தையைப் போலத் தகுதியுடையார் உலகிலில்லை. ஆனால் அவர் கொடுத்தது தம் கல்வியையன்று. தமக்குக் கிடைக்காத கல்வியை. அதில் அன்பு இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. உலகம் பழித்த படியிலே நின்று அதன் பெருமையை உலகுக்கு மெய்ப்பித்தவர், அப்பழியின் வடுவை மட்டும் தம் உள்ளத்திலிருந்து அகற்றமாட்டாதவராய் இருந்தார் போலும்.

ழான் பியேர் பின்பு வெனிஸ் நகரிலே உயிர் துறந்தான். கால்வாயில் மூழ்கி இறந்தான் என்பர். தானே நீரில் வீழ்ந்தான் என்று கருதினோரும் உளர். தந்தை அதைப்பற்றி ஊரறியப் புலம்பவில்லை.

தண்ணீர்க் குவளை

1748 ஆம் ஆண்டை அடுத்து ஷார்டேன் தம் பழைய பொருள்களிடம் மீண்டிருந்தார். இளமையிலே திருக்கையும் பூனையும் வரைந்த கை, முதுமையிலே இன்னும் குறைந்த பொருள்களை நாடியது. டிடெரோ 1763 ஆம் ஆண்டுச் சலோனில் ஒலிவக்காய்ச் சாடியை வரைந்த படத்தின் முன் நின்று வியந்தார். அருகே சென்றால் எல்லாம் கலங்கி மறைகின்றன; விலகி வந்தால் எல்லாம் மீண்டும் உருவாகின்றன; இது மாயவித்தை என்றே அவருக்குத் தோன்றியது.

1761 ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட ஒரு சிறு படம் இன்று அமெரிக்காவிலே பிற்ஸ்பேர்க் நகரில் உள்ளது. கண்ணாடிக் குவளையிலே முக்காற்பங்கு தண்ணீர். பக்கத்தில் மண்ணிறக் கோப்பிக் கூசா. முன்னே வெள்ளைப்பூண்டு மூன்று. வேறெதுவும் இல்லை என்றே கூறலாம். டச்சு ஓவியரின் வெள்ளியுமில்லை; மண்டையோடுமில்லை. நிலையாமையை உணர்த்த அவர் எதையும் சேர்க்கவில்லை. நீரினுள் புகுந்த ஒளி குவளையின் மறுபுறத்திலே சற்று வளைந்து தங்கியிருக்கின்றது. அந்த ஒளி சிறிது நேரத்தில் நகர்ந்துவிடும் என்று நாமே உணர்கின்றோம்.

இவ்வகை ஓவியத்துக்கு டச்சு மொழியிலே அசையா வாழ்வு என்று பொருள்படும் பெயர் உண்டு. பிரெஞ்சு மொழியிலோ, ஷார்டேன் வாழ்ந்த காலத்திலேயே, இறந்த இயற்கை என்று பொருள்படும் பெயர் வழங்கத் தொடங்கியது. அவர் படங்களை நோக்குமிடத்து டச்சு மொழியின் பெயரே பொருத்தமுடையது என்பது விளங்கும். அவர் வரைந்த செப்புச் சட்டியும் சிற்றுரலும் இறந்தவையல்ல. ஒருவர் கையிலிருந்து இப்போதுதான் கீழே வைக்கப்பட்டவை. மீண்டும் எடுக்கப்படக் காத்திருப்பவை. ஒரு முறை வண்ணங்களைப் பற்றித் தற்பெருமை பேசிய ஓர் ஓவியரிடம், வண்ணம் கருவியே. வரைவது உணர்ச்சியினால் என்று பொருள்பட அவர் சொன்னார் என்று கொஷான் குறித்துள்ளார்.

புகழ் எல்லை கடந்தது. 1766 இல் உருசிய அரசி கத்தரீனுக்காகக் கலைகளின் சின்னங்களை ஒரு மேசைமீது அடுக்கி வரைந்தார். தூரிகைத் தட்டும் சிலையும் நூல்களும் பதக்கங்களும் அங்கே நிற்கின்றன. கலைகளை ஒரு தேவதையாகப் புனைந்து காட்டுவது உச்சிப்படியினரின் வேலை. அதையே அடிப்படியில் நின்றவர் மேசைப் பொருள்களைக் கொண்டு செய்துகாட்டினார்.

கண்ணாடியணிந்த முதியவர்

எழுபது வயதை அணுகுகையில் நோயும் கண் தளர்ச்சியும் எண்ணெய் வண்ணத்தை அவரிடமிருந்து பறித்தன. அவர் ஓய்ந்திருக்கவில்லை. பஸ்டல் என்னும் வண்ணக்கோலை எடுத்தார். அது அவருக்குப் புதிய கருவி. 1771 ஆம் ஆண்டுச் சலோனில் பஸ்டலில் வரைந்த முகங்களை வைத்தார். அவற்றுள் மூக்குக்கண்ணாடி அணிந்து, தலையிலே துணி கட்டி, கழுத்திலே துண்டு சுற்றிய தம் உருவமும் உண்டு. 1775 இல் ஒளி கூசாதபடி நெற்றிமேல் மறைப்பு அணிந்த கோலத்தில் மீண்டும் தம்மை வரைந்தார். மனைவியையும் வரைந்தார். குடத்தை நோக்கியவாறே தம் முதுமையையும் நோக்கினார்; குறைத்தும் காட்டவில்லை, இரக்கமும் வேண்டவில்லை.

கழகத்தின் காற்று மாறியிருந்தது. நண்பர் கொஷானின் செல்வாக்கு மறைந்து, சரித்திர ஓவியத்தை மீண்டும் உயர்த்த எண்ணியவர்கள் அதிகாரத்துக்கு வந்தனர். 1774 இல் ஷார்டேன் பொருளாளர் பதவியை விட்டார். 1778 இல் மானியத்திற் சிறு தொகை கூட்டித் தரும்படி விண்ணப்பித்தார். அரச கட்டடங்களின் தலைவர் மறுத்தார். பெருந்துறைகளில் உழைத்த ஓவியருக்கு நேர்ந்த அளவு படிப்புச் செலவும் காலச் செலவும் ஷார்டேனுடைய துறையில் நேரவில்லை என்பது அவர் காட்டிய நியாயம். ஒரு முயலின் முன்னே ஆண்டுக்கணக்கில் இருந்து கண்ணைப் பழக்கிய மனிதருக்கு, எழுபத்தெட்டாம் வயதிலே, பெலிபியனின் பழைய படிவரிசை இவ்வாறு ஒருமுறை வாசித்துக் காட்டப்பட்டது.

மறுவருடம் நடந்த சலோனிலும் அவர் படங்கள் இருந்தன. இளம் பணியாளன் ஒருவனின் முகத்தைப் பஸ்டலில் வரைந்திருந்தார். பதினைந்தாம் லூயியின் மகளார் விக்ரோரியா அம்மையார் அதனை விரும்பிப் பெற்று, பொற்பேழையொன்றைப் பரிசளித்தார். 1779 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 6 ஆம் நாள், லூவர் இல்லத்திலே ஷார்டேன் காலமானார். வயது எண்பது.

பின்வந்தோர்

அடுத்து வந்த காலம் வீரங்களையும் புரட்சிகளையும் பாடிய காலம். குவளையும் பூண்டும் மறக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொரே, கொங்கூர் சகோதரர் முதலிய எழுத்தாளர் அவரை மீண்டும் கண்டெடுத்தனர். 1869 இல் லாக்காஸ் என்னும் மருத்துவர் தம் சேகரத்தை லூவர் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றபோது ஷார்டேனின் படங்கள் பலவும் அங்கே சேர்ந்தன. செசான் அவரைப் போற்றினார். மத்தீஸ் திருக்கைப் படத்தின் முன் நின்று அதனைப் பார்த்து வரைந்தார். சூத்தீன் அத்திருக்கையைத் தம் வேகத்தில் மீண்டும் மீண்டும் தீட்டினார். நிலைப்பொருள்களைக் கொண்டே புதிய ஓவியக் கலை பிறந்தது என்று சொல்லத்தக்க அளவுக்கு அடிப்படி தலைவாசலாயிற்று.

1761 ஆம் ஆண்டுச் சலோனில் அவர் காட்டிய படங்களுள் ஒன்று காட்டு ஸ்ட்ரோபரிக் கூடை. சிவந்த சிறு பழங்கள் கோபுரம்போற் குவிந்திருக்க, பக்கத்திலே அதே தண்ணீர்க் குவளை. 2022 மார்ச்சு மாதம் பாரிஸில் நடந்த ஏலத்தில் அது 2 கோடியே 40 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. நாட்டை விட்டுப் போகலாகாதென்று பிரெஞ்சு அரசு அதனைத் தேசியச் செல்வமாக்கியது. 2024 இல் பொதுமக்கள் பல்லாயிரவரின் நன்கொடையும் துணைநிற்க, லூவர் அதனைத் தனதாக்கிக்கொண்டது. சிறு மானியம் மறுக்கப்பட்ட அதே மாளிகையிலேதான் இன்று அக்கூடை இருக்கின்றது.

விலை கூடியமையால் அவர் பெரியவர் என்று சொல்வது பெலிபியனின் ஏணிக்குப் பதிலாக இன்னோர் ஏணியைச் சாத்துவதாகவே முடியும். ஷார்டேனுடைய பெருமை பொருளைச் சாராது பார்வையைச் சார்ந்தது. ஒரு குவளைத் தண்ணீருக்கும் முழுக் கவனத்தைக் கொடுக்கலாம் என்று அவர் காட்டினார். அக்கவனத்தில் ஒரு பங்கைத் தம் மகன் நின்ற இடத்தின்மேற் செலுத்தியிருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று நாம் எண்ணாமலிருக்க முடியவில்லை. அவரைக் குறை கூறுவதற்காக அன்று. நம் பிள்ளைகள் நிற்கும் படியை நாமும் அடிக்கடி பாராது விட்டுவிடுகின்றோம் என்பதற்காகவே.